எதிரணி இல்லாத வருஷம்

கதவு அகலத் திறந்து கிடக்கிறது, வாட்ச்மேன் கூட முக்காலியை விட்டு எழுந்து யாரும்மா வேணும் என்று கேட்டாகிவிட்டது, இருந்தும் கால் உள்ளே போக மாட்டேன் என்கிறது, இத்தனை வருஷத்தில் ரீத்தம்மாள் கல்லூரியின் வாசலைத் தவமணி நடந்து தாண்டியதே இல்லை, எப்போது வந்தாலும் தன் சண்முகக்கனி கல்லூரிப் பிள்ளைகளை வேனில் அடைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள், கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிடச் சொல்லி, ஒருத்தியும் வெளியே பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, அவங்க பிள்ளைகள் ஏதாவது கேட்டால் காது கேளாதவள் மாதிரி இருக்கணும் என்று மிரட்டிக்கொண்டே வந்திருக்கிறாள், இன்றைக்குத் தனியாக, டவுன் பஸ்ஸில், கையில் ஒரு ஹாக்கி மட்டை கூட இல்லாமல் வந்து நிற்கிறாள், உள்ளே வேப்பமரங்களுக்கு அப்பால் அந்தப் பாழாய்ப்போன மைதானம் தெரிகிறது, அதற்கும் அப்பால் எங்கேயோ செலஸ்டின் இருப்பாள், அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், நீங்க இப்ப இருக்க இடத்துலயே இருங்க, நான் வந்துருதேன், அவ்வளவுதான், அதை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நாலரை மணிக்குள் சொல்ல வேண்டும், சொல்லத் தவறினால் இந்த வருஷம் பெண்கள் ஹாக்கி கிடையாது, இந்த வருஷம் இல்லாமல் போனது இனி எந்த வருஷமும் வரப்போவதில்லை, ஒரு தடவை நின்ற ஆட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் திரும்பச் சேர்த்ததாகச் சரித்திரமே இல்லை.

செலஸ்டினை முதலில் பார்த்தது எப்போது, பதினாலு வயசு, பள்ளிக்கூடங்களுக்கான வட்டாரப் போட்டி, தவமணியின் காலில் நுனியில் துணி அடைத்த கேன்வாஸ் ஷூ, எதிரே வந்து நிற்கிறவள் வெறுங்காலோடு நிற்கிறாள், ஒல்லி, கறுப்பு, கழுத்தில் ஜெபமாலை, ரெட்டைச் சடையை மடித்துக் கட்டியிருக்கிறாள், விசில் ஊதியதும் எங்கே போனாள் என்றே தெரியவில்லை, பந்து மட்டும் இடப்பக்கமாகப் போய் வலப்பக்கமாக வந்து வலைக்குள் கிடக்கிறது, அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை, ஏட்டி, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியே என்னத்துக்கு என்று அம்மா கேட்டாள், ஒண்ணுமில்ல என்றாள், விடிந்ததும் ஷூவைப் பரணில் எறிந்துவிட்டு வெறுங்காலோடு கரிசல் காட்டில் ஓடினாள், முள் குத்தியது, ஓடினாள், அவளை ஒரே ஒரு தடவை பிடித்துவிட்டால் போதும், பிறகு படிப்பைப் பார்க்கலாம், கல்யாணத்தைப் பார்க்கலாம், வாழ்க்கையைப் பார்க்கலாம், அந்தப் பிறகு இன்னும் வந்தபாடில்லை, கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, அவையெல்லாம் ஒரு பக்கம் நடந்துகொண்டே இருந்தன, பிரசவ வார்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது கூட அவ இந்நேரம் பிராக்டீஸ்ல இருப்பா என்றுதான் மனசு சொன்னது, அம்மா, முருகா என்று கத்துங்க, வலி தெரியாது என்றாள் நர்ஸ், தவமணிக்கு வாயில் வந்த பெயர் வேறு.

வாய் என்றால் அந்தப் பல்லையும் சொல்ல வேண்டும், கல்லூரியின் கடைசி வருஷம், சண்முகக்கனிக்குத் தவமணி கேப்டன், ரீத்தம்மாளுக்குச் செலஸ்டின் கேப்டன், ஆட்டம் முடிய இருக்கிறது, செலஸ்டின் ஓங்கி அடித்த பந்து மேடு தட்டி எழும்பி நேராக வந்தது, தவமணி விலகியிருக்கலாம், விலகினால் கோல், அதனால் விலகவில்லை, முன்பல் ஒன்று செம்மண்ணில் விழுந்தது, கூட்டத்தில் முறுக்குத் தூக்கோடு நின்ற அம்மா மைதானத்துக்குள் ஓடிவந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, எம்பிள்ளை மூஞ்சியக் கெடுத்திட்டியே பாவி, உன் கை விளங்காமப் போக என்று செலஸ்டின் மேல் வீசினாள், அன்று சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில் வார்டு வாசலில் வந்து நின்றவள் அதே செலஸ்டின், விளையாட்டு உடையை மாற்றக்கூட இல்லை, மண் இன்னும் தலையில் இருந்தது, கையில் சாத்துக்குடிப் பை, வா என்று தவமணிக்குச் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது, வாய் நிறையப் பஞ்சு, அம்மா அவளை விரட்டிவிட்டாள், பஞ்சை எடுத்த பிறகாவது ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாம், ஆனால் அதற்குள் பல்லில்லாத முகத்தைக் கண்ணாடியில் பார்த்தாகிவிட்டது, ரோஷம் வந்துவிட்டது, அடுத்த மாதமே மாவட்ட அணித் தேர்வில் பந்துக்காக இருவரும் மட்டையை இறக்கியதில் செலஸ்டினின் சுண்டுவிரல் நசுங்கிக் கோணிக்கொண்டது, வேண்டுமென்று செய்ததில்லை, யார் நம்புவார்கள், ரீத்தம்மாள் பக்கத்தில் அந்தம்மாவுக்குக் கருநாக்கு என்றார்கள், சண்முகக்கனி பக்கத்தில் தெய்வம் நின்று கேட்டுச்சு என்றார்கள், அன்றோடு இரண்டு கல்லூரிக்கும் பேச்சு நின்றது.

நின்றது என்றால் விளையாட்டாக இல்லை, முழுசாக, வருஷத்துக்கு வருஷம் புதிதாக மட்டை பிடிக்க வருகிற பிள்ளைகளுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் முன்னால் அவங்க கூடப் பேசக் கூடாது என்பதைக் கற்றுக்கொடுத்தார்கள், காரணம் ஒருத்திக்கும் தெரியாது, பேசாமலிருப்பது மட்டும் தெரியும், பிறகு காலம் செய்த குறும்பு, இரண்டு பேருமே அவரவர் படித்த கல்லூரியிலேயே விளையாட்டு இயக்குநராக வந்து சேர்ந்தார்கள், பிள்ளைகள் வாயில் பி.டி. மேடம், மைதானத்தில் இரண்டு பி.டி. மேடமும் ஒரே கோட்டின் மேல் ஐந்தடி இடைவெளியில் நிற்பார்கள், வம்புக்கென்றே தவமணி நடுவர் பால்ராஜைக் கூப்பிட்டு, அண்ணாச்சி, பந்துல காத்து இறங்கிக் கிடக்கு, அந்த டீச்சருட்ட மாத்தச் சொல்லுங்க என்பாள், செலஸ்டின் அதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு, அண்ணாச்சி, ஹாக்கிப் பந்துக்குக் காத்தே கிடையாதுன்னு அந்த டீச்சருட்ட சொல்லுங்க என்பாள், அண்ணாச்சி நடுவில் நின்று விசிலைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவார், அவர் மகள் கல்யாணப் பந்தியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இலை விழுந்துவிட்டது, பந்தியில் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியாது, செலஸ்டினின் இலையில் ரசம் ஓடி விளிம்புக்கு வருகிறது, அணை கட்டுங்க என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, தவமணி பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, தம்பி, அந்த டீச்சருக்குக் கொஞ்சம் சோறு வைங்க என்றாள், அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சுவார்த்தை, இதைக் கேட்டால் ஊர் சிரிக்கும், சிரித்தது.

ஆனால் பல்கலைக்கழகம் முழுவதிலும் பெண்களுக்கு ஹாக்கி வைத்திருந்தது இந்த இரண்டே கல்லூரிதான், மற்றதெல்லாம் வாலிபாலும் கபடியும் கேரமும், ஆகவே வருஷத்துக்கு ஒரே ஆட்டம், அதுவே முதல் சுற்று, அதுவே இறுதி, ஜெயித்த கல்லூரியின் பி.டி. மேடம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளிலிருந்தும் பொறுக்கிப் பல்கலைக்கழக அணியைக் கூட்டிக்கொண்டு வெளிமாநிலம் போவாள், ரயிலில் கூட இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் இரண்டு ஓரமாக உட்காருவார்கள், களத்தில் இறங்கினால் மட்டும் ஒருத்தி பந்தைத் தள்ளும்போதே மற்றவள் அங்கே போய் நிற்பாள், எதிரியைப் போல ஒருத்தியை யார் அவ்வளவு உற்றுப் பார்த்திருப்பார்கள், நாலு வருஷமாகக் கூட்டிக்கொண்டு போகிறவள் செலஸ்டின், நாலு வருஷமாகத் தவமணி பிளாட்பாரத்தில் நின்று தன் பிள்ளைகளுக்கு மட்டும் கையசைத்துவிட்டு வருகிறாள், அந்தப் புழுக்கம்தான் இத்தனைக்கும் காரணம், அந்தப் புழுக்கத்தில் இருந்தபோதுதான் மண்டலம் பிரிக்கிற சுற்றறிக்கை வந்தது, கல்லூரிகள் பெருகிவிட்டன, இனிமேல் விளையாட்டுப் போட்டிகள் வடக்கு மண்டலம், தெற்கு மண்டலம் என்று தனித்தனியாக நடக்கும், இந்த இரண்டையும் போல எல்லையில் இருக்கிற கல்லூரிகள் எந்தப் பக்கம் என்று தாங்களே தேர்ந்துகொள்ளலாம், படித்ததும் தவமணிக்குத் தோன்றிய முதல் நினைப்பு, அவள் இல்லாத பக்கம், ரீத்தம்மாள் தெற்கைத்தான் கேட்பாள், அப்படியானால் நமக்கு வடக்கு, ஆளே இல்லாத மண்டலத்தில் ஆடாமலே சாம்பியன், அங்கே தெற்கில் செலஸ்டினும் அதையே நினைத்து வடக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெற்கைக் கேட்டிருக்கிறாள், கேட்டது கிடைத்தது, தவமணி பிள்ளைகளுக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள், ஏதோ கல்யாண வீடு மாதிரி அவர்கள் தின்றார்கள், தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆக வேண்டும் என்பார்கள், இங்கே மூக்கை அறுத்துவிட்டு மிட்டாய் வேறு கொடுத்தாகிவிட்டது.

அடுத்த சுற்றறிக்கை பத்து நாள் கழித்து வந்தது, ஒரு மண்டலத்தில் குறைந்தது இரண்டு அணிகள் இல்லாத ஆட்டம் அந்த மண்டலத்தில் நடத்தப்படாது, மண்டலத்தில் நடத்தப்படாத ஆட்டத்துக்குப் பல்கலைக்கழக அணியும் கிடையாது, தவமணி அதை மைதானத்தில் நின்றபடி படித்தாள், எதிரே சென்டர் ஹாஃப் ஆடுகிற முப்பிடாதி சுவரில் பந்தை அடித்து அடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள், அவளுடைய அம்மா நூற்பாலையில் ஷிஃப்ட், அப்பா இல்லை, கடைசி வருஷம், பல்கலைக்கழகத்துக்கு ஆடிய சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போய்விடுவாள், ஓடுவதில், தாண்டுவதில் எல்லாம் தேறியாகிவிட்டது, அந்த ஒரு காகிதம்தான் பாக்கி, மேடம், என்ன மேடம், மேட்ச் எப்பம் மேடம் என்றாள், தவமணி சொன்னாள், முப்பிடாதி மட்டையால் பந்தை நிறுத்திவிட்டு, அப்பம் அவங்க இல்லாம நாம கிடையாதா மேடம் என்று கேட்டாள், குற்றம் சாட்டிக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள், அதுதான் தாங்கவில்லை, அதிலிருந்து ஒரு கனவு, பகலில் கண்ணசந்தாலும் வருகிறது, மைதானத்தில் தன் பிள்ளைகள் பதினொரு பேரும் நிற்கிறார்கள், எதிர்ப்பாதி வெறுமையாக இருக்கிறது, விசில் ஊதுகிறது, முப்பிடாதி பந்தைத் தள்ளிக்கொண்டே போய் வலைக்குள் விடுகிறாள், கோல், யாரும் கத்தவில்லை, பந்தை நடுவில் வைக்கிறார்கள், மறுபடி கோல், மறுபடி கோல், எண்ணுவதற்கு ஆளில்லை, அழுவதற்கு ஆளில்லை, முறுக்குத் தூக்கோடு அம்மா மட்டும் கோட்டுக்கு வெளியே நின்று யாரை ஏசுவது என்று தெரியாமல் பார்க்கிறாள்.

மண்டலம் மாற்றிக்கொள்ள ஒரு வாரம் தவணை இருந்தது, ஒரு போன் போதும், செலஸ்டின், நான் உன் பக்கம் வந்திருதேன் என்று ஒரு வார்த்தை, பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தில் நின்று ரீத்தம்மாள் கல்லூரியின் எண்ணைச் சுழற்றினாள், ஹலோ என்று கேட்டதும் வைத்துவிட்டாள், மறுநாளும் போய் வைத்துவிட்டு வந்தாள், அந்த பூத்துக்காரர் என்ன நினைத்திருப்பாரோ, கடைசியில் பேசாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று ரகசியமாகத் தெற்கு மண்டலத்துக்கு மாற்றக் கேட்டு எழுதினாள், அங்கே போய் நின்றால் செலஸ்டின் ஆச்சரியப்படுவாள், பேச வேண்டிய அவசியமும் வராது, உத்தரவு வந்தது, சண்முகக்கனி தெற்குக்கு, கீழே அடுத்த வரி, ரீத்தம்மாள் வடக்குக்கு, இரண்டு தடவை படித்தாள், பிறகு புரிந்தது, அவளும் பேசாமலே வந்திருக்கிறாள், ஒருத்தியைத் தேடி ஒருத்தி கிளம்பி வழியில் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறோம், தவமணிக்குச் சிரிப்பு வந்தது, அவளும் என்னைப் போலவே பூத்தில் நின்று போனை வைத்திருப்பாளோ, அந்தக் கோணல் விரலோடு.

விளையாட்டுக் குழுச் செயலாளர் குருபாதம் இன்று காலையில் போனில் கத்தினார், என்னம்மா விளையாடுதீகளா ரெண்டு பேரும், ஒருத்தி வடக்கே போனா ஒருத்தி தெற்கே, ஒருத்தி தெற்கே வந்தா ஒருத்தி வடக்கே, சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கமிட்டி, அதுக்குள்ள உங்க காலேஜ் பிரின்சிபால் கையெழுத்தோட பேக்ஸ்ல எது வருதோ அதை அப்படியே போடுவோம், ஒருத்தர் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்புனா ரெண்டு பேரும் ஒரே பக்கம், ரெண்டு பேரும் திரும்புனீகன்னா பழைய குருடி கதவைத் திறடிதான், அதுக்கப்புறம் என்னட்ட வராதீக, நான் இப்பவே கமிட்டி வேலையா வெளிய கிளம்புதேன், போனுக்கும் வரமாட்டேன், அவர் வைத்துவிட்டார், பிரின்சிபால் கையெழுத்தைப் போட்டுக்கொடுத்து, இத்தோட விட்டுருங்க மேடம், ரெண்டு கேரம் போர்டு வாங்கித் தாரேன் என்றார், தவமணி அந்தக் காகிதத்தை ஆபீஸ் செண்பகத்திடம் கொடுத்தாள், சண்முகக்கனி மறுபடி வடக்குக்கு, நான் ரீத்தம்மாளுக்குப் போறேன், அவங்களை அசையாம இருக்கச் சொல்லப் போறேன், போன் பண்ணி நிறுத்துன்னு சொன்னா நிறுத்து, சொல்லலைன்னா நாலரைக்கு அனுப்பிரு, நான் சொன்னா மட்டும்தான் நிறுத்தணும், வேற யார் சொன்னாலும் கேக்காத, செண்பகம் தலையாட்டினாள், ஒன்றும் செய்யாமல் இருந்தால் நிச்சயச் சாவு, அனுப்பினால் பாதிப் பிழைப்பு, இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவள்தான் இப்போது வாசலில் நிற்கிறாள்.

யாரைப் பாக்கணும்மா என்று வாட்ச்மேன் மறுபடி கேட்டார், செலஸ்டின் மேடத்தை, என்றாள், அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதே இதுதான் முதல் தடவையோ என்னவோ, நாக்குக்குப் புதிதாக இருந்தது, மேடம் இல்லையேம்மா, ஒரு மணி நேரமாச்சு ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போயி, எங்கன்னா, என்னத்தச் சொல்ல, சண்முகக்கனி காலேஜுக்குன்னாக, நானே பதறிப்போயி அங்கயா மேடம்னு கேட்டேன், ஆமாங்கன்னுட்டுப் போயிட்டாக, மூன்றாவது தடவையும் எதிரெதிராகப் போயாகிவிட்டது, அவளும் ஒரு காகிதத்தை ஆபீஸில் கொடுத்துவிட்டுத்தான் போயிருப்பாள், கால் இப்போது யாரையும் கேட்கவில்லை, வாசலைத் தாண்டி, வேப்பமரங்களைத் தாண்டி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியது, மைதானத்தில் பயிற்சியில் இருந்த ரீத்தம்மாள் பிள்ளைகள் மட்டையை ஊன்றிக்கொண்டு வாய் பிளந்து பார்த்தார்கள், சண்முகக்கனி பி.டி. மேடம் தங்கள் கல்லூரிக்குள் தலைதெறிக்க ஓடுவதை அவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

ஆபீஸில் அமலி என்கிற சின்னப் பெண் பேக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள், சுவர்க் கடிகாரம் நாலேகாலைத் தாண்டிவிட்டது, அந்தக் காகிதம் என்னம்மா, எங்க காலேஜ் மறுபடி தெற்குக்குன்னு மேடம், நாலரைக்கு அனுப்பச் சொல்லியிருக்காக, எங்க மேடம் போன் பண்ணா மட்டும் நிறுத்தணும், தவமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், அனுப்பாத தாயி, உன் காலைப் பிடிக்கேன், அங்கயும் இதே மாதிரி ஒண்ணு கிளம்பப் போகுது, ரெண்டும் போச்சுன்னா எல்லாம் போச்சு, அமலி பயந்துபோய்க் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள், நீங்க சொன்னா எப்படி மேடம், நீங்க சண்முகக்கனில்லா, சரிதான், நியாயம்தான், அந்த நியாயத்தை ஊட்டி வளர்த்ததே நாம்தானே, போனை எடுத்துக்கவா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் கல்லூரி ஆபீஸ் எண்ணைச் சுழற்றினாள், ட்ட்டு ட்ட்டு ட்ட்டு, பேசிக்கொண்டிருக்கிறார்கள், வைத்து, சுழற்றினாள், ட்ட்டு ட்ட்டு, செண்பகம் யாரிடம் இப்படி வாயடிக்கிறாள், கடவுளே, மறுபடி, ட்ட்டு ட்ட்டு, ஏட்டி செண்பகம் நாசமாப் போவா என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள், ஜன்னலில் பிள்ளைகளின் தலைகள் சேர்ந்துவிட்டன, முப்பிடாதி சுவரில் பந்தடிக்கிற சத்தம் இத்தனை தூரம் கேட்கிறது போலிருந்தது, அப்பம் அவங்க இல்லாம நாம கிடையாதா மேடம், விரல் ஐந்தாவது தடவை சுழற்றப் போனபோதுதான் உறைத்தது, செண்பகம் யாரிடமும் பேசவில்லை, அங்கே நிற்கிறவள் செலஸ்டின், அவளும் இதே நேரத்தில் இதே மாதிரி வியர்த்து விறுவிறுத்து இந்த எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் ட்ட்டு ட்ட்டு என்றுதான் கேட்கிறது, வழியை மறித்துக்கொண்டு நிற்பது நான்தான், அவளுக்கு நான், எனக்கு அவள்.

யாராவது ஒருத்தி போனை வைக்க வேண்டும், வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், தவமணி ரிசீவரைப் பார்த்தாள், சும்மா இருப்பது அவளுக்கு வராத காரியம், வருகிற பந்துக்கு வாயைக் கொடுத்தவள், விட்டுப் பிடி என்று எத்தனையோ பேர் சொல்லியும் விட்டதே இல்லை, விட்டால் அவள் எடுத்துக்கொள்வாளே, அந்தப் பயம், இப்போது வேறு பயம், நான் வைத்த அதே நேரத்தில் அவளும் வைத்துவிட்டால், இரண்டு பேரும் இரண்டு ஊரில் இரண்டு போனுக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நாலரை ஆகிவிட்டால், இல்லை, அவள் வைக்க மாட்டாள், செலஸ்டினை எனக்குத் தெரியாதா, கோலுக்கு முன்னால் நின்று யோசிக்கிறவளா அவள், அடிக்கிறவள், கடைசி விசில் வரைக்கும் அடித்துக்கொண்டே இருப்பவள், இந்த உலகத்தில் தன் புருஷனை, தன் பிள்ளையைக்கூட அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது, அவளைத் தெரியும், தவமணி ரிசீவரை வைத்தாள், கையை மடிக்குள் இறுக்கிக்கொண்டாள், திரும்பப் போடலையா மேடம் என்று அமலி கேட்டாள், இல்ல தாயி, அவ போடுவா, கடிகாரம் நகர்ந்தது, அமலி காகிதத்தை இயந்திரத்தின் வாயில் வைத்தாள், மேடம், மணி ஆகுது மேடம், போன் ஊமையாகக் கிடந்தது, தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேனா, அவளும் மாறியிருப்பாளோ, இத்தனை வருஷத்தில் அவளும் யாருக்காவது விட்டுக்கொடுக்கப் பழகியிருப்பாளோ, இப்போதாவது கூப்பிடு, எதற்காகவும் உன்னிடம் கேட்டதில்லை, கூப்பிட்டுத் தொலை.

மணி அடித்தது, பாய்ந்து எடுத்தாள், அமலியா, ஏன்ம்மா போன் இவ்வளவு நேரம் கிடைக்கல, அந்தப் பேக்ஸை என்று வந்த குரல் மூச்சிரைத்தது, அந்தக் குரல் இத்தனை காலமும் அண்ணாச்சி வழியாகத்தான் வந்திருக்கிறது, அமலி இல்ல, தவமணி பேசுதேன் என்றாள், அங்க என்ன செய்யுத என்றாள் செலஸ்டின், உன்னத் தேடி வந்தேன், நான் உன்னத் தேடில்லா இங்க வந்து நிக்கேன், தெரியும், வாட்ச்மேன் சொன்னாரு, உன் செண்பகம் பேப்பரைச் சொருகிட்டு நிக்கா, நான் சொன்னா கேக்க மாட்டேங்கா, நீ ரீத்தம்மாளுங்கா, உன் அமலி மட்டும் என்னவாம் என்றாள் தவமணி, சொல்ல வந்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது, வாசலில் நின்று நின்று ஒத்திகை பார்த்த வாக்கியம், அதற்குள் செலஸ்டின் முந்திக்கொண்டாள், நான் தெற்குக்கு வந்திருதேன் தவமணி, நீ இருக்க இடத்துலயே இரு, அசையாத, நெஞ்சுக்குள் பழைய வேகம் குபுக்கென்று எழும்பியது, நீ யார் என்னை இருக்கச் சொல்ல, நான்தான் முதலில் வந்தேன், உன் வாசல் வரை வந்து நிற்கிறவள் நான், இப்போதும் முந்தியவள் அவள், விட்டுக்கொடுப்பதில்கூட முந்திக்கொண்டாள், ஐந்தாவது வருஷமும் தோல்வி, கடிகாரத்தைப் பார்த்தாள், ஜன்னலில் தெரிந்த அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள், எழும்பியதை விழுங்கினாள், இவ்வளவு கஷ்டமான எதையும் அவள் விழுங்கியதில்லை, சரி என்றாள், நான் அசையல, நீ வா.

போனைச் செண்பகத்துட்ட குடு என்றாள், செண்பகம், அதை அனுப்பாத, கிழிச்சுப் போடு, பிறகு ரிசீவரை அமலியிடம் நீட்டினாள், அமலி தன் மேடம் சொல்வதைக் கேட்டு, சரி மேடம், அனுப்பிருதேன் மேடம் என்று தலையாட்டி, இன்னொரு தடவை உங்ககிட்ட பேசணுமாம் என்று திருப்பிக் கொடுத்தாள், தெற்குன்னாலும் வடக்குன்னாலும் உன்னத் தோக்கடிக்கத்தான் போறேன், பாத்துக்க என்றது குரல், அது நடுங்கியதா சிரித்ததா தெரியவில்லை, வா ஏட்டி, வந்து பாரு என்றாள் தவமணி, போனை வைத்ததும் இயந்திரம் கரகரவென்று காகிதத்தை இழுத்துக்கொண்டது, போயிருச்சு மேடம் என்றாள் அமலி, தவமணி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், பொங்கிப் பொங்கி வந்தது, நிறுத்தத் தெரியவில்லை, யாரோ தோளைத் தொட்டார்கள், நிமிர்ந்து பார்த்தால் மட்டையும் கையுமாக ரீத்தம்மாளின் பிள்ளை ஒருத்தி, முழங்காலெல்லாம் மண், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள், ரீத்தம்மாள் பிள்ளை ஒருத்தியும் இதுவரை சண்முகக்கனி மேடத்திடம் வாய் திறந்ததில்லை, இவள் திறந்தாள், மேடம், மேட்ச் இருக்கா மேடம் என்று கேட்டாள், இருக்கு என்றாள் தவமணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்னப் பாத்துட்டு நிக்காம போங்கட்டி, போயி பிராக்டீஸ் பண்ணுங்க.